குந்துவதா, உட்காருவதா?

தில்லியில் பாலம்-டாப்ரி சாலையில், மகாவீர் என்கிளேவ் பகுதியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. செங்கோட்டையையும் குதுப் மினாரையும் பார்க்க வரும் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பவை எல்லாம் கழிப்பறைகள், கழிப்பறைப் படங்கள், கழிப்பறைக் கதைகள். சிந்து சமவெளிக்காரர்களின் வடிகால்களில் தொடங்குகிறது வரலாறு. பிரெஞ்சு அரசர் 14-ஆம் லூயி எந்த ஆசனத்தில் அமர்ந்து ‘வேலையை’ முடித்துக்கொண்டே தர்பாரும் நடத்தினாரோ, அந்த ஆசனத்தின் நகல் இருக்கிறது. தடித்த புத்தகங்களை அடுக்கி வைத்தது போல வெளித்தோற்றம் கொண்ட ஒரு கம்மோடும், புதையல் பெட்டி வடிவில் இன்னொன்றும் இருக்கின்றன. பார்ப்பவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயம் உறைக்கிறது. இந்த ஆசனங்களை வடிவமைத்தவர்கள் அது சிம்மாசனம் போலவோ அலமாரி போலவோ தெரிய வேண்டும் என்பதில் ஏகப்பட்ட மூளையைச் செலவழித்திருக்கிறார்கள். உட்காருபவரின் உடம்பு என்ன பாடுபடுகிறது, பிறகு அதைச் சுத்தம் செய்பவரின் கை எங்கெல்லாம் போக வேண்டியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் மிகவும் தாமதமாகத்தான் கேட்கப்பட்டன. இன்றைக்கும் முழுசாகக் கேட்கப்பட்டுவிட்டன என்று சொல்வதற்கில்லை.

இந்தியாவில் இரண்டாவது கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் இந்த அருங்காட்சியகத்தை 1992-ல் நிறுவிய பிந்தேஸ்வர் பாடக். பீகாரின் வைசாலி மாவட்டத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில், ‘தீண்டத்தகாதவர்’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணைத் தொட்டுவிட்டதற்காக அவருடைய பாட்டி அவருக்குச் சாணியையும் கங்கை நீரையும் கொடுத்துத் தீட்டுக் கழித்தார். பீகார் காந்தி நூற்றாண்டு விழாக் குழுவில் 1968-ல் சேர்ந்த பாடக், பேத்தியா நகரில் மலம் அள்ளும் தொழிலாளர்களின் குடியிருப்பிலேயே தங்கி அவர்கள் வாழ்க்கையைப் பார்த்தார். 1970-ல் சுலப் அமைப்பைத் தொடங்கினார். தலையில் கூடையைச் சுமக்கும் கொடுமைக்கு எதிராகப் பேசியவர்கள் அன்றும் ஏராளமாக இருந்தார்கள். பாடக் பேச்சோடு நிற்காமல் பீங்கானைப் பற்றி யோசித்தார்.

எடுப்புக் கக்கூஸ் ஏன் இருந்தது? கழிவைத் தண்ணீர் விட்டுத் தள்ளும் வசதி அதில் இல்லை. பாதாளச் சாக்கடை பெருநகரங்களில் மட்டுமே இருந்தது. அதற்கும் கோப்பைக்கும் இடையே மனிதக் கை தேவைப்பட்டது. தண்ணீரைக் கொட்டித் தள்ளலாம் என்றால், அன்றைய பிளஷ் தொட்டி ஒருமுறைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கேட்டது. குடத்தில் தண்ணீர் சுமக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமா?

சுலப் கோப்பையின் ரகசியம் அதன் சரிவில் இருக்கிறது. சாதாரணக் கோப்பையைவிடச் செங்குத்தாக, 25 முதல் 28 டிகிரி வரை சரிவு. கீழே வளைகுழாயில் நாற்றத்தைத் தடுக்க நிற்கும் தண்ணீர் 20 மில்லிமீட்டர் உயரம்தான். விளைவு, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீரில் எல்லாம் போய்விடுகிறது. போய்ச் சேருவது இரண்டு குழிகளில் ஒன்றுக்கு. அது நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்கிறார்கள். மூடிய குழியில் கிடப்பது ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் நாற்றமில்லாத உரமாகிவிடுகிறது. யாரும் மலத்தைக் கையால் தொட வேண்டியதில்லை. ஒரு பீங்கான் துண்டின் சரிவைச் சில டிகிரி கூட்டியதால் ஒரு சாதியின் தலையிலிருந்து கூடையை இறக்க வழி பிறந்தது.

வழி பிறந்ததே தவிர, கூடை முழுக்க இறங்கிவிடவில்லை. மலம் அள்ள ஆள் வைப்பதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடை செய்யும் சட்டம் 1993-ல் வந்தது. அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட சஃபாய் கரம்சாரி ஆந்தோலனின் பெஜவாடா வில்சன், 2016-ல் மகசேசே விருது பெற்றவர், திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கழிப்பறைகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்பவர்கள், அவற்றின் தொட்டிகளில் யார் இறங்குகிறார்கள் என்று சொல்வதில்லை. பாடக் 2023 ஆகஸ்ட் 15 அன்று, தில்லியில் சுலப் தலைமையகத்தில் தேசியக் கொடியை ஏற்றிய சிறிது நேரத்தில் மயங்கி விழுந்து மறைந்தார். மறு ஆண்டு அவருக்கு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. சாக்கடைக் குழிகளில் மூச்சுத் திணறிச் சாகிறவர்களைப் பற்றிய செய்திகள் தலைநகரில் இன்னும் நின்றபாடில்லை.

இனி, முதல் கேள்வி. உட்காருபவரின் உடம்பு.

நாற்காலி போன்ற கம்மோட் நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775-ல் வளைகுழாய் வைத்த கழிவறைக்குக் காப்புரிமை வாங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து ஜோசப் பிரமா அதை மேம்படுத்தி விற்றார். இங்கே அது முதலில் துரைமார்களின் பங்களாக்களிலும், பிறகு ஓட்டல்களிலும் குடியேறியது. தில்லியின் பழைய அடுக்குமாடி வீடுகளில் தரையோடு பதித்த ‘இந்தியன்’ கோப்பை சாதாரணம். இப்போது கட்டப்படும் வீடுகளிலோ படுக்கையறைக்கு ஒரு ‘வெஸ்டர்ன்’. ஐம்பதைத் தாண்டியவர்களின் முழங்கால்கள் இந்த மாற்றத்தை வரவேற்கின்றன. மூட்டு வலிக்காரருக்குக் குந்தி எழுவது மலையேற்றம். ‘பிகு’ (2015) இந்திப் படத்தில் தில்லி சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து காரில் கல்கத்தா கிளம்பும் மலச்சிக்கல் கிழவர், தன் கம்மோட் நாற்காலியையும் காரின் மேல் கட்டிக்கொண்டு போவார். அமிதாப் பச்சன் நடித்ததால் நாடே சிரித்தது. ஆனால் வீட்டில் முதியவர் இருக்கும் எவருக்கும் அது வெறும் நகைச்சுவை அல்ல. உறவினர் கல்யாணத்துக்குப் போகலாமா, வேண்டாமா என்பதையே அந்த ஊர்க் கழிவறைதான் முடிவு செய்கிறது.

அதே சமயம், குந்துவது உடம்புக்கு இயல்பானது என்று பாட்டிகள் சொன்னதை மருத்துவமும் மறுக்கவில்லை. மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண் கயிறு போலப் பிடித்து அதை முன்பக்கமாக வளைத்து வைத்திருக்கிறது. நாம் நிற்கும்போதும் உட்காரும்போதும் கட்டுப்பாடு தருவது அந்த வளைவுதான். குந்தும்போது தசை தளர்ந்து, பாதை ஏறக்குறைய நேராகிறது. 2003-ல் இஸ்ரேலைச் சேர்ந்த டோவ் சிகிரோவ் ஆரோக்கியமான 28 பேரை மூன்று விதமாக உட்கார வைத்துக் கணக்கெடுத்தார். வழக்கமான உயரமுள்ள கம்மோடில் சராசரியாக 130 விநாடி, உயரம் குறைந்ததில் 114, குந்தியபோது 51. பேர் குறைவுதான், ஆனால் வித்தியாசம் பெரியது. இதற்கு முன்பே, 1966-ல், அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கிரா குளியலறையைப் பற்றி எழுதிய புத்தகத்தில், நாற்காலி உயரக் கம்மோட் மனித உடம்புக்குப் பொருந்தாத வடிவமைப்பு என்று சாடியிருந்தார். கம்மோட் கம்பெனிகள் அசைந்து கொடுக்கவில்லை.

நம்மூர் வியாபாரிகள் இரண்டுக்கும் சமாதானம் கண்டுபிடித்தார்கள். ‘ஆங்கிலோ-இந்தியன்’ கம்மோட்! நாற்காலி உயரம், விளிம்பின் இரு பக்கமும் கால் வைக்க வரிவரியான மேடை. வேண்டியவர் உட்காரலாம், வேண்டியவர் ஏறிக் குந்தலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஏறிக் குந்தியவரின் செருப்புத் தடத்தின் மேல் அடுத்தவர் உட்கார வேண்டும். ஈரப் பீங்கானில் கால் வழுக்கினால் விழுவது ஒன்றரை அடி உயரத்திலிருந்து. இரு தரப்பையும் திருப்திப்படுத்தப் போய் இரு தரப்பையும் தொந்தரவு செய்யும் கூட்டணி அரசு மாதிரி ஆகிவிட்டது அது.

குந்தும் கோப்பையும் குறையில்லாததல்ல. பலரால் குதிகாலைத் தரையில் ஊன்றிக் குந்த முடிவதில்லை. முன்பாதத்திலேயே உடம்பின் பாரம் முழுவதும் நிற்கிறது, முழங்கால் கெஞ்சுகிறது. பிடித்து எழச் சுவரில் ஒன்றும் இல்லை. புனேயில் வடிவமைப்புப் படித்த சத்யஜித் மித்தல் இதைத்தான் கவனித்தார். கால் வைக்கும் மேடையைக் குதிகால் பக்கம் உயர்த்திச் சாய்வாக அமைத்து, பாதம் முழுவதும் பதியும்படி ‘ஸ்க்வாட்ஈஸ்’ என்ற கோப்பையை உருவாக்கினார். 2019-ல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் அது பயன்பாட்டுக்கு வந்தது. மாற்றியது கால் வைக்கும் இடத்தின் கோணத்தை மட்டுமே. இத்தனை தலைமுறையாகக் குந்திய தேசத்தில் அதை யோசிக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பெண்களின் கஷ்டம் தனிக் கணக்கு. கடைத்தெருவில், பேருந்து நிலையத்தில், அலுவலகத்தில் உள்ள பொதுக் கம்மோடில் அவர்கள் பெரும்பாலும் உட்காருவதே இல்லை. இருக்கைக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் பாதி குந்தி நிற்கிறார்கள். இது இந்தியப் பெண்களின் பழக்கம் மட்டுமல்ல. 1991-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மகளிர் நோய்ப் பிரிவுக்கு வந்த 528 பெண்களிடம் கேட்டபோது, 85 சதவீதத்தினர் பொதுக் கழிவறையில் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார்கள். அவர்களில் சிலரைப் பரிசோதித்ததில், அந்தர நிலையில் சிறுநீர் வரும் வேகம் 21 சதவீதம் குறைந்தது. வெளியேறாமல் பையில் தங்கிவிடும் அளவு 149 சதவீதம் கூடியது. தொடையும் இடுப்பும் இறுகி நிற்கும்போது அடிவயிற்றுத் தசைகள் தளருவதில்லை என்பதே காரணம். தங்கும் சிறுநீர் கிருமிகளுக்குச் சௌகரியம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எந்த நோய்க்குப் பயந்து உட்கார மறுக்கிறார்களோ, அது இருக்கையிலிருந்து தொடைத் தோல் வழியாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு. பால்வினை நோய்கள் கழிப்பறை இருக்கை மூலம் பரவுவதில்லை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆபத்து அதிகம் இருப்பது கதவுத் தாழ்ப்பாளிலும், பிளஷ் கைப்பிடியிலும், குழாயிலும். அவற்றைத் தொட்டுவிட்டு சோப்புப் போடாத கையிலும். ஆனால் அருவருப்பு நியாயவாதத்துக்குக் கட்டுப்படாது. ஈரமாக இருக்கும் இருக்கையில் எவர்தான் உட்காருவார்?

உட்காரப் பயந்து அந்தரத்தில் நிற்பவர் இருக்கையை நனைக்கிறார். அதைப் பார்த்து அடுத்தவரும் அந்தரத்தில் நிற்கிறார். இந்தச் சங்கிலியை விட்டு விலக வேறு வழி தண்ணீரே குடிக்காமல் இருப்பது. தில்லியின் மே மாத வெயிலில், வேலைக்குப் போகும் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்வது இதனால்தான். தெற்கு தில்லி மாநகராட்சி 2017 ஏப்ரலிலிருந்து, ஓட்டல்களும் உணவு விடுதிகளும் தங்கள் கழிவறையை ஐந்து ரூபாய்க்குள் யார் கேட்டாலும் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் நடைபாதையில் வளையல் விற்கும் பெண், வாசலில் சீருடைக் காவலர் நிற்கும் ஓட்டலுக்குள் நுழைந்து கேட்பாரா என்பது உத்தரவில் எழுத முடியாத விஷயம்.

2018-ல் ஐ.ஐ.டி. தில்லி மாணவர்கள் இருவர், பெண்கள் நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும், மக்கும் பொருளால் ஆன ஒரு சிறு புனலைக் கொண்டுவந்தார்கள். பெயர் ‘சான்ஃபி’. அப்போது விலை பத்து ரூபாய். உலகக் கழிப்பறை தினமான நவம்பர் 19 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையில் அது அறிமுகமானது. கர்ப்பிணிகளுக்கும் மூட்டு நோய் உள்ளவர்களுக்கும் பெரிய உதவி. மாணவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கூடவே ஒன்றைக் கேட்கவும் வேண்டும்: கட்டியவர் செய்யாத வேலைக்குரிய கருவியைப் பெண் ஏன் தன் கைப்பையில், தன் காசில் சுமந்து திரிய வேண்டும்?

பிரச்சினையின் வேர் எங்கே? மேலை நாட்டுக் கம்மோட், காகிதத்தால் துடைத்துக்கொள்பவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. அவர்கள் கழிவறையில் தண்ணீர் கோப்பைக்குள் மட்டும்தான் இருக்கும். நாம் கழுவுகிறவர்கள். கோப்பையை அப்படியே இறக்குமதி செய்துகொண்டு, பக்கத்தில் ஒரு குழாயையும் மக்கையும் வைத்தோம். பிறகு கைத்துப்பாக்கி மாதிரி பீய்ச்சும் ஜெட் குழாயை மாட்டினோம். தண்ணீர் இருக்கையில், தரையில், சுவரில், புடவையில் தெறிக்கிறது. நாம் அழுக்கானவர்கள் என்பதல்ல விஷயம். நம் பழக்கம் வேறு, நாம் வாங்கிய சாமான் வேறு.

ஜப்பானியர்கள் இதை யோசித்தார்கள். டோட்டோ நிறுவனம் 1980-ல் விற்பனைக்கு விட்ட ‘வாஷ்லெட்’ இருக்கையில், கோப்பைக்குள்ளிருந்தே ஒரு சிறு குழாய் நீண்டு கழுவிவிட்டு உள்ளே போய்விடும். வெளியே ஒரு சொட்டுத் தெறிக்காது. விலை உயர்ந்த, மின்சாரம் கேட்கும் சாமான். ஆனால் அதன் பின்னால் உள்ள எண்ணத்துக்கு மின்சாரம் வேண்டாம். மின்சாரம் இல்லாமல், குழாயைத் திருகினால் இருக்கைக்கு அடியிலிருந்து பீய்ச்சும் சாதாரண அமைப்புகள் நம் கடைகளிலேயே கிடைக்கின்றன. பொதுக் கழிவறை டெண்டர்களில் அவை இடம்பெறுவது அபூர்வம்.

செய்யக்கூடியவை இன்னும் பல. முன்பக்கம் திறந்த, ஆங்கில ‘யூ’ எழுத்து வடிவ இருக்கை அமெரிக்கப் பொதுக் கழிவறைகளில் பழகிப்போன ஒன்று. உடம்பு படும், ஈரம் சேரும் இடம் அதில் குறைவு. கோப்பையின் விளிம்புக்கு உள்ளே மடிப்பே இல்லாத வகை வந்துவிட்டது; அழுக்கு ஒளிய இடமில்லை, சுத்தம் செய்பவர் விரலை நுழைத்துத் தேய்க்க வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் கம்மோட் என்றால் அடியிலும் துடைப்பம் போகும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்திய உடம்புகளின் அளவுகளைத் தொகுத்து 1997-லேயே நூலாக வெளியிட்டிருக்கிறது. அதைப் புரட்டினால், ஐரோப்பியக் காலுக்குச் செய்த உயரத்தில் நம் குள்ளமான பெண்களின் பாதம் ஏன் தரையில் பதியாமல் தொங்குகிறது என்பது புரியும். உயரத்தைக் குறைக்க முடியாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை போதும். முழங்கால் உயர்ந்து, குந்துவதன் பலனில் ஒரு பங்கு கிடைத்துவிடும். பிடித்து எழச் சுவரில் ஒரு கம்பி. கைப்பையையும் துப்பட்டாவையும் மாட்ட ஒரு கொக்கி. இவை எதற்கும் ஐ.ஐ.டி. தேவையில்லை.

சட்டத்துக்கும் குறைச்சலில்லை. 2016-ன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவுக்குப் பின்னே துடைப்பங்களும் பினாயில் கேன்களும் குடியிருக்கும் கட்டடங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் கிராமங்களில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. எண்ணிக்கை பிரமிக்க வைப்பது. எண்ணி முடித்தவர்கள் இனி அளக்கத் தொடங்கலாம்: இருக்கையின் உயரம், கோப்பையின் சரிவு, தண்ணீர் விழும் இடம், கைப்பிடி இருக்கிறதா, இல்லையா என்று. திறப்பு விழாவுக்கு வரும் அமைச்சரோ ஆணையரோ ரிப்பனை வெட்டியதோடு கிளம்பிவிடாமல், எழுபது வயதுப் பெண் ஒருவரை உள்ளே அனுப்பி, உட்கார்ந்து எழ முடிந்ததா என்று கேட்கலாம். அடுத்து, நாளை அதைக் கழுவப் போகிறவரைக் கூப்பிட்டு, கையை உள்ளே விடாமல் கழுவ முடியுமா என்று கேட்கலாம். இரண்டு பேரும் ‘முடியும்’ என்று சொன்ன பிறகு காண்டிராக்டருக்குப் பில் பாஸ் ஆகட்டும்.